ஆள் ஏறும் விண்கலத்தை வடிவமைக்கும் மாணவர் போட்டி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நான் கிளிநொச்சியில் பொறியியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். மனிதர் செல்லும் விண்கலத்தை வடிவமைக்கும் பல்கலைக்கழக மாணவர் போட்டியொன்றுக்கு ஐந்து பேராக ஆயத்தமாக விரும்புகிறோம். விண்வெளிக்கென்று தனி ஆய்வுகூடம் எதுவும் கையில் இல்லை. எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில்:

முதலில் ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 2022 ஆம் ஆண்டு, எரிபொருள் வரிசைகளுக்கும் மின்வெட்டுகளுக்கும் நடுவே, நாங்கள் ஆறு பேர் இதே ஆசையோடு கூடியபோது எங்களிடம் இருந்த ஒரேயொரு நல்ல மடிக்கணினியின் மின்கலம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்காது. ஆகவே கணக்கு முழுவதையும் கொப்பியில் எழுதினோம். அது எங்களுக்கு நன்மையாகவே முடிந்தது. ஒவ்வொரு எண்ணையும் கையால் எழுதுபவருக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது மறப்பதில்லை.

நாங்கள் போட்டியில் நேரடியாகப் பங்குபற்றவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாசாவின் ஆதரவுடன் 2002 முதல் நடந்துவரும் ராஸ்கல் (RASC-AL) என்ற மாணவர் வடிவமைப்புப் போட்டி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை மையமாகக் கொண்டது. வெளிநாட்டு அணிகள் அதன் தகுதி விதிகளை வாசிக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. எனவே நாங்கள் முடிந்துபோன ஒரு போட்டியின் வினாவைப் பயிற்சிக்காக எடுத்துக்கொண்டோம். செவ்வாய்ப் பயணத்தை ஊக்குவிக்கும் மார்ஸ் சொசைற்றி என்ற அமைப்பு 2013 இல் அறிவித்த அந்தப் போட்டி எல்லா நாட்டு மாணவர்களுக்கும் திறந்திருந்தது. சொந்தச் செலவில் விண்வெளிக்குப் போய்வந்த அமெரிக்கச் செல்வந்தர் டெனிஸ் டிற்றோ முன்வைத்த திட்டத்தின்படி, 2018 ஜனவரியில் இருவர் புறப்பட்டு, செவ்வாயில் இறங்காமல் அதன் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தொலைவில் கடந்து, 501 நாட்களில் பூமிக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பயணத்துக்கான கலத்தை மாணவர்கள் வடிவமைக்க வேண்டும். பயணம் நடக்கவேயில்லை, ஆனால் போட்டி நடந்தது. இறுதிச் சுற்று 2014 ஓகஸ்ற் மாதம் இடம்பெற, அமெரிக்காவின் பர்டியூ, யப்பானின் கெயோ ஆகிய பல்கலைக்கழக மாணவர்கள் சேர்ந்து அமைத்த 'கனாவு' அணி முதலிடம் பெற்றது.

அந்தப் போட்டியின் புள்ளித் திட்டத்தை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்: செலவுக்கு 30, வடிவமைப்பின் தொழினுட்பத் தரத்துக்கு 30, இயக்குவதற்கு எளிமையாக இருப்பதற்கு 20, குறித்த காலத்துக்குள் செய்து முடிக்கக்கூடியதாக இருப்பதற்கு 20. புதுமைக்கென்று தனிப் புள்ளி கிடையாது. எங்கள் அணியில் இருவர் முதல் மாதம் முழுவதையும் புதுவகை இயந்திரமொன்றைப் பற்றி வாசிப்பதில் செலவழித்தார்கள். அவர்களுள் நானும் ஒருவன். அந்தப் பாதையோ, ஒருமுறை செவ்வாயை நோக்கி உந்திவிட்டால் ஈர்ப்பே வளைத்துப் பூமிக்குத் திருப்பி அனுப்பும் பாதை. சிறு திருத்தங்களைத் தவிர வழியில் இயந்திரத்துக்குப் பெரிய வேலையில்லை. அதே காரணத்தால் இடையில் திரும்பிவரவும் வழியில்லை. ஆகவே உண்மையான வினா, இருவரை 501 நாட்களுக்கு மூடிய பெட்டியொன்றுக்குள் எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதுதான்.

அதற்கான அடிப்படை எண்கள் பொதுவில் கிடைக்கின்றன. உயிராதார அமைப்புகளுக்குரிய அடிப்படை மதிப்புகளையும் எடுகோள்களையும் திரட்டி நாசா வெளியிட்ட ஆவணம் இலவசமானது. ஒருவருக்கு ஒரு நாளுக்கு ஒட்சிசன் ஏறத்தாழ 0.84 கிலோகிராம், குடிக்கவும் உணவுக்குமாக நீர் ஏறத்தாழ 2.5 கிலோகிராம், பொதியோடு சேர்த்து உணவு ஏறத்தாழ 1.8 கிலோகிராம் என்று வைத்து, இருவருக்கும் 501 நாட்களுக்குமாக 1,002 ஆல் பெருக்கினோம். ஒட்சிசன் 842 கிலோகிராம், நீர் 2,505 கிலோகிராம், உணவு 1,804 கிலோகிராம் என்று கொப்பியின் முதற் பக்கம் நிறைந்தது. குளிப்பு, கழுவல் எதுவும் இதில் இல்லை.

இரண்டாம் பக்கத்தில்தான் அகப்பட்டோம். உள்ளே போகும் ஒட்சிசனை எழுதிய நாங்கள் வெளியே வரும் காபனீரொட்சைட்டை எழுத மறந்திருந்தோம். ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறார். அப்பலோ கலங்களில் பயன்பட்ட இலிதியம் ஐதரொட்சைட்டைக் கொண்டு அதை உறிஞ்சுவதானால், இரசாயனச் சமன்பாட்டின்படியே ஒரு கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்கு 1.09 கிலோகிராம் வேண்டும். முழுப் பயணத்துக்கும் 1,090 கிலோகிராமுக்கு மேல், கொள்கலத்தின் நிறை வேறு. அவ்வளவும் ஒருமுறை பாவித்தால் முடிந்துவிடும் பொருள். மாற்றாக, சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ளது போல, சியோலைற்று என்ற நுண்துளைக் கனிமத்தாலான படுக்கையில் வாயுவைப் பிடித்து, சூடாக்கி, வெளியே விட்டு, மீண்டும் பாவிக்கலாம். ஆனால் சூடாக்க மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குச் சூரியத் தகடு வேண்டும். பாவித்த மின்சாரம் அனைத்தும் ஈற்றில் வெப்பமாக மாறுவதால், அதை வெளியே கதிர்க்கத் தனித் தகடும் அதற்குள் ஓடும் திரவமும் பம்பியும் வேண்டும். ஒரு வரியை மாற்றினால் நான்கு பக்கங்கள் மாறின. அணியில் ஒருவரை, வேறெந்த வேலையும் கொடுக்காமல், இந்தக் கொப்பிக்குப் பொறுப்பாக வையுங்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

நீரிலும் இப்படித்தான். மீள்சுத்திகரிப்பால் 90 சதவீதத்தை மீட்டால் 2,505 கிலோகிராம் 250 ஆகக் குறையும் என்று கண்டபோது எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. விண்வெளி நிலையத்திலோ 2023 இல் 98 சதவீதம் வரை மீட்டுக் காட்டினார்கள். அந்த மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர். ஒவ்வொரு வருடமும் சிறுபோகத்துக்கு முன் நடக்கும் கூட்டத்தில், குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பார்த்து, இம்முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவுசெய்வார்கள். அந்தக் கூட்டங்களில் பல வருடங்கள் இருந்து பழகியவர். அவர் கேட்டது இரண்டே கேள்விகள்.

"நிக்கிற தண்ணி முழுக்க வயலுக்கு வராது தம்பி. வெயில் குடிக்கிறது, வாய்க்கால் குடிக்கிறது எல்லாம் கழிச்சனியே?"

கழித்திருக்கவில்லை. ஆரம்ப நிலை வடிவமைப்பில் நிறைக்கும் மின்சாரத்துக்கும் 20 முதல் 30 சதவீதம் வரை மேலதிகமாக ஒதுக்குவது இத்துறையில் வழக்கம் என்பதை நாங்கள் வாசித்திருந்தும் கணக்கில் சேர்க்கவில்லை.

"அந்த மிசின் பழுதாப் போனா ஆர் திருத்துறது?"

இந்தக் கேள்விதான் எங்கள் வடிவமைப்பையே மாற்றியது. விண்வெளி நிலையத்தில் ஒரு பம்பி நின்றால் அடுத்த சரக்குக் கலத்தில் புதியது வரும். செவ்வாய்ப் பாதையில் எதுவும் வராது. கொண்டுபோன உதிரிப்பாகங்கள் மட்டுமே, திருத்தக்கூடிய கைகள் நான்கு மட்டுமே. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிளைச் சிறிது பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 1970 ஏப்ரலில், சந்திரனுக்குப் போகும் வழியில் பழுதான அப்பலோ 13 இல் நடந்ததும் அதே வகைதான்: காபனீரொட்சைட்டை உறிஞ்சும், கட்டளைக் கலத்தின் சதுர வடிவ வடிகட்டிகள் இறங்கு கலத்தின் வட்டத் துவாரத்துக்குப் பொருந்தாதபோது, பிளாஸ்ரிக் பை, மட்டை, குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றைக் கொண்டு பொருத்தி மூச்சைக் காப்பாற்றினார்கள். அப்பா கேட்ட பிறகு நாங்கள் ஒரு விதி வைத்தோம்: கலத்திலுள்ள பம்பிகளும் விசிறிகளும் வடிகட்டிகளும் இயன்றவரை ஒரே அளவாக இருக்க வேண்டும். அதனால் சில இடங்களில் தேவைக்கு மிஞ்சிய பெரிய பம்பியை வைக்க நேர்ந்தது, செயற்றிறன் குறைந்தது, ஆனால் உதிரிப்பாகங்களின் பட்டியல் பாதியாகச் சுருங்கியது. எளிமைக்கான அந்த 20 புள்ளிகள் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.

கதிர்ப்பைப் பற்றி நீங்கள் அதிகம் வாசிப்பீர்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். கியூரியோசிற்றி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசீவேற்று (உடல் பெறும் கதிர்ப்பை அளக்கும் அலகு), 501 நாட்களுக்கு 900 ஐத் தாண்டும். நாசா ஒரு விண்வெளி வீரருக்கு வாழ்நாள் எல்லையாக வைத்திருப்பது 600. இந்த முரணை மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள். ஐதரசன் நிறைந்த பொருட்கள் கவசத்துக்கு நல்லவை என்பதால், டிற்றோவின் குழுவினர் நீரையும் உணவையும், உணவு தீரத் தீரக் கழிவையும், கலச்சுவரோடு அடுக்கலாம் என்றே யோசித்தார்கள். எங்கள் அணியில் இந்தப் பகுதியை எழுத யாரும் முன்வராமல் சீட்டுக் குலுக்க வேண்டியிருந்தது.

பூமிக்குள் நுழையும் வேகத்தை மட்டும் இலேசாக எடுக்க வேண்டாம். சந்திரனிலிருந்து வந்த அப்பலோ நொடிக்கு 11 கிலோமீற்றர் வேகத்தில் நுழைந்தது. இந்தப் பாதையில் அது 14.2 கிலோமீற்றர். ஒவ்வொரு கிலோகிராமும் சுமந்துவரும் இயக்க சக்தி ஒன்றரை மடங்குக்கு மேல். பாதையைக் கணிப்பதற்கு நாசாவின் இலவச மென்பொருளான ஜீமாட் போதும்; எங்களுடைய பழைய கணினியிலேயே அது ஓடியது.

ஐந்து பேர் போதுமா என்றால், போதும். வேலையைப் பிரிக்கும்போது, இரண்டு பகுதிகள் தொடும் இடத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதி வையுங்கள். எங்கள் பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் நடந்தன. விரிவுரையாளர் ஆலோசனை சொல்லலாம், ஆனால் மார்ஸ் சொசைற்றியின் போட்டியில் நடுவர் முன் பேசுவது முழுக்க மாணவர்களாகவே இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. எனவே நாங்களும் பயிற்சியாக ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பதற்கு முன், முதலாம் வருட மாணவர்களை இருத்தி, தமிழில் விளக்கிப் பார்த்தோம். ஒரு கலைச்சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அங்கே இடமிருக்கவில்லை.

அன்று பின்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி கையை உயர்த்தி, "அண்ணா, 501 நாளும் உடுப்பை எங்க தோய்ப்பினம்?" என்று கேட்டார். விண்வெளி நிலையத்தில் உடுப்புத் தோய்ப்பதில்லை. அணிந்து முடிந்ததைச் சரக்குக் கலத்தில் ஏற்றி வளிமண்டலத்தில் எரியவிடுகிறார்கள். எங்கள் கலத்துக்கு அந்த வசதியும் இல்லை. கொப்பியைப் புரட்டிப் பார்த்தோம். உடுப்புக்கென்று ஒரு வரிகூட இருக்கவில்லை. அன்றிரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் அதைச் சேர்த்து, மொத்த நிறையை மீண்டும் கூட்டினோம்.