சொன்னது உங்களிடம் மட்டும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். புதுச்சேரியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை இரண்டு ஆண்டுகளாகக் காதலிக்கிறேன். திருமணம் செய்துகொள்வதென்று இருவருமே முடிவெடுத்துவிட்டோம். சென்ற ஆவணியில் ஒரு மாலை தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது, தான் இடைபாலினத்தவளாகப் பிறந்தவள் என்றும், தனக்குக் கருப்பை இல்லை என்றும், சிறுவயதில் ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது என்றும், அதனால் நாள்தோறும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வதாகவும் சொன்னாள். “அம்மா, அப்பாவுக்கு அடுத்து உனக்குத்தான் தெரியும்” என்றாள். எனக்கு அவள்மேல் இருந்த அன்பு துளியும் குறையவில்லை. ஆனால் பல இரவுகள் உறக்கம் வரவில்லை. என் அக்கா செவிலியர். அவளிடம் கேட்டால் தெளிவு கிடைக்கும் என்று நினைத்து, ஒரு நாள் உணவகத்தில் என் காதலி கை கழுவப் போன நேரத்தில், அவள் பையில் இருந்த மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா தன் கணவரிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த மாதம் திருப்பாதிரிப்புலியூர் கோயிலில் சந்தித்தபோது அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “மாத்திரையெல்லாம் தவறாமல் போடுகிறாயாம்மா?” என்று பரிவோடுதான் கேட்டாள். அன்றிலிருந்து அவள் என் அழைப்பை எடுப்பதில்லை. “என் உடம்பை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாய்” என்று ஒரே ஒரு செய்தி மட்டும் வந்தது. கூடப் பிறந்தவளிடம் யோசனை கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா? தை மாதத்தில் திருமணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்கிறார். குழந்தை பிறக்காது என்பதை அம்மாவிடம் மறைத்தால் அது ஏமாற்று ஆகாதா?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் இங்கே முழுமையாக அச்சாகவில்லை. அந்தப் பெண்ணின் மருத்துவ அறிக்கையில் இருந்த பெயர், அறுவைச் சிகிச்சை நடந்தபோது அவருக்கு இருந்த வயது, அவர் வேலை பார்க்கும் இடம் ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டேன். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல அவற்றில் ஒன்றுகூட எனக்குத் தேவைப்படவில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். அக்காவிடம் நடந்ததும் இதுவேதான் என்று நினைக்கிறேன். மனத்தில் பாரம் ஏறும்போது நமக்கு எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தத்தையும் இறக்கி வைத்துவிடுகிறோம். இறக்கி வைத்த பாரத்தில் பாதிக்குமேல் இன்னொருவருடையது என்பது அந்த நேரத்தில் கண்ணில் படுவதில்லை.

நீங்கள் செய்தது தவறுதான். உங்கள் நோக்கம் கெட்டதில்லை என்பதையும், உங்கள் அக்கா பரிவோடுதான் கேட்டார் என்பதையும் நான் முழுமையாக நம்புகிறேன். இருந்தாலும் உங்கள் காதலி அனுப்பிய அந்த ஒரு வரியில் மிகையே இல்லை. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டுமானால், இடைபாலினத்தவர் பலர் எப்படிப்பட்ட இளமையைக் கடந்து வருகிறார்கள் என்பது தெரிய வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் ஆலோசனை அறைக்கு வந்த ஒரு பெண்மணி சொன்னதை, அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். பதின்மூன்று வயதில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தபோது, அவரிடமும் அவர் தாயிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், பத்துப் பன்னிரண்டு மருத்துவ மாணவர்கள் சுற்றி நின்று போர்வையை விலக்கிப் பார்த்திருக்கிறார்கள். அன்று அவர் மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியின் இறக்கைகளையே எண்ணிக்கொண்டிருந்தாராம். “அதற்குப் பிறகு என் உடம்பு எனக்குச் சொந்தம் என்ற எண்ணமே பல வருடம் வரவில்லை” என்றார். இப்படி வளர்ந்த ஒருவர், யாரிடம் சொல்லலாம், எப்போது சொல்லலாம் என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தாமே தீர்மானித்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எத்தனை பெரிய செயல் என்று எண்ணிப் பாருங்கள். உங்களைத் தேர்ந்தெடுத்தவரும் அப்படித்தான் வந்திருக்கக்கூடும். கையில் வந்த அந்த உரிமையை, நீங்கள் எடுத்த ஒரு படம் அவரிடமிருந்து மறுபடி பறித்துவிட்டது.

இடைபாலினம் என்பதை மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இனப்பெருக்க உறுப்புகள், குரோமோசோம், ஹார்மோன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றோ பலவோ, ஆணுக்கு இது பெண்ணுக்கு இது என்று நாம் வகுத்து வைத்திருக்கும் அமைப்பில் அடங்காமல் பிறப்பிலேயே அமைந்திருப்பதுதான் இடைபாலினம். ஊடுபால், இன்டர்செக்ஸ் என்றும் சொல்வார்கள். சிலருக்குப் பிறந்த அன்றே தெரியும். சிலருக்குப் பருவ வயதில் மாதவிடாய் வராதபோது தெரியும். சிலருக்குக் குழந்தைப்பேற்றுக்கான சோதனையில்தான் தெரியவரும். நம் பகுதியில் இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோருக்கும் திருநங்கையர் கூடும் கூவாகம் திருவிழாதான் நினைவுக்கு வருகிறது. திருநங்கை என்பது ஒருவர் தம்மை இன்ன பாலினம் என்று உணர்வதைப் பற்றியது. இடைபாலினம் என்பது உடலின் அமைப்பைப் பற்றியது. இடைபாலினத்தவரில் பெரும்பாலோர் தம்மைப் பெண் என்றோ ஆண் என்றோ எந்த ஐயமும் இல்லாமல் உணர்ந்து வாழ்கிறவர்கள். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் தரும் மதிப்பீட்டின்படி மக்கள்தொகையில் 0.05 முதல் 1.7 சதவீதம் பேர் இவ்வாறு பிறக்கிறார்கள். எந்தெந்த அமைப்புகளை இதில் சேர்ப்பது என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். எப்படிப் பார்த்தாலும், கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போய்வரும் நாம், அறியாமலேயே பலமுறை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

ஒருவருடைய உடல் பற்றிய செய்தி அவர் கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்து வீராங்கனை சாந்தி சௌந்தரராஜனுக்குப் பாலினப் பரிசோதனை நடத்தி, பதக்கத்தைப் பறித்தார்கள். அதைவிடக் கொடுமையாக, அந்தச் செய்தியை ஊடகங்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஒரு விளையாட்டு அமைப்புக்கும் ஒருவருக்கும் இடையே முடிந்திருக்க வேண்டியது, டீக்கடைப் பேச்சாகிவிட்டது. அன்று அதைப் பேசியவர்களில் பலரும் அவருக்காக வருத்தப்பட்டுத்தான் பேசினார்கள். வருத்தப்பட்டுப் பேசினாலும் அது பேச்சுதான்.

இனி என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். அவர் அலுவலக வாசலிலோ தங்கும் விடுதி வாசலிலோ போய் நிற்காதீர்கள். ஒரு கடிதம் எழுதுங்கள். “நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்” என்ற வாக்கியம் அதில் இடம்பெற வேண்டாம். என்னென்ன சொன்னீர்கள், யாரிடம், எந்த நாளில், எந்தப் படத்தை அனுப்பினீர்கள், அக்காவிடமிருந்து அது யார் வரைக்கும் போயிருக்கிறது என்பதை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். தம்மைப் பற்றி யாருக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியாமல் ஒருவர் ஒரு கோயிலில்கூட நிம்மதியாக நிற்க முடியாது. அந்த விவரத்தைத் தருவதுதான் நீங்கள் செய்யக்கூடிய முதல் ஈடு. அதற்கு முன்பாகவே அக்காவிடம் நேரில் பேசி, இரண்டு கைபேசிகளிலிருந்தும் படத்தை அழியுங்கள். கேலரியிலும் கூகுள் போட்டோஸிலும் ஒரு பிரதி தங்கியிருக்கும், அதையும் பாருங்கள். அக்காவின் கணவரிடமும் சொல்லிவிடுங்கள். நோயாளியின் இரகசியம் காப்பது என்ன என்பது உங்கள் அக்காவுக்குத் தெரியாததல்ல. நோயாளியைப் பற்றித் தொழில்முறையில் அறிந்ததை, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மருத்துவர் வெளியிடக் கூடாது என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. அது மருத்துவர்களுக்கு உரிய விதி. இங்கே அவர் சிகிச்சை அளித்தவரும் அல்லர். ஆனாலும் பணியில் கடைப்பிடிக்கும் ஒழுக்கத்தை வீட்டில் கழற்றி வைக்க வேண்டியதில்லை என்று சொன்னால், ஒரு செவிலியருக்கு உடனே புரியும்.

கடிதத்துக்குப் பதில் வர நாளாகலாம், வராமலும் போகலாம். காத்திருங்கள்.

உங்களுக்கும் மனம்விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும் என்பதை நான் மறுக்கவே இல்லை. உறக்கம் வராத அந்த இரவுகளில், “எனக்குப் பயமாக இருக்கிறது, யாரிடமாவது பேச வேண்டும்போல் இருக்கிறது, யாரிடம் பேசலாம்?” என்று அவரிடமே கேட்டிருக்கலாம். இருவரும் சேர்ந்து ஒரு மனநல ஆலோசகரைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அவர் மீண்டும் பேசத் தொடங்கினால், அங்கிருந்து தொடங்குங்கள். அறிக்கையைக் காட்டு, அறுவைச் சிகிச்சையில் என்ன எடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். இணையத்தில் படித்ததை வைத்துக்கொண்டு அவர் உடலை அவருக்கே விளக்காதீர்கள். நெருக்கமான நேரங்களில் எது வலிக்கிறது, எது வேண்டாம் என்று கேட்பது உங்கள் கடமை. ஏன் அப்படி என்பதை அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் நீங்களாகவே கேட்க வேண்டும். “அவசரத்துக்கு உன்னை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் நான் மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?” இது வெறும் ஆர்வத்தில் கேட்பதாகாது. இடைபாலின அமைப்புகளில் சிலவற்றில், குறிப்பாகப் பிறவியிலேயே அட்ரீனல் சுரப்பி பாதிக்கப்பட்டவர்களுக்கு, ஸ்டீராய்டு மாத்திரை திடீரென்று நின்றால் உயிருக்கே ஆபத்து. இனச்சுரப்பிகள் அகற்றப்பட்டவர்களுக்கு ஹார்மோன் நெடுங்காலம் விடுபட்டால் எலும்பு வலுவிழக்கும். ஆகவே அவரே ஒரு தாளில், எது சொல்லலாம், யாரிடம் சொல்லலாம் என்று எழுதித் தரட்டும். மருத்துவரிடம் சொல்ல அனுமதித்ததை, வெளியே நாற்காலியில் காத்திருக்கும் உறவினர்களிடம் சொல்லாமல் இருக்க வேண்டியதும் நீங்கள்தான்.

இனி உங்கள் தாயாரைப் பற்றிய கேள்வி. திருமணத்தில் மறைக்கக் கூடாத செய்தியை மறைப்பது குறித்து இந்துத் திருமணச் சட்டம் 12ஆம் பிரிவில் பேசுகிறது; அது மணக்கும் இருவருக்கு இடையில் உள்ள பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவர் அன்று கடற்கரையிலேயே நிறைவேற்றிவிட்டார். மாமியாருக்கு மருத்துவ அறிக்கை தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. “மணமகள்” என்ற சொல் திருநங்கையரையும், பெண்ணாகத் தம்மை உணரும் இடைபாலினத்தவரையும் உள்ளடக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், இடைபாலினக் குழந்தைகளுக்குப் பாலினத்தை மாற்றும் அறுவைச் சிகிச்சை செய்யக் கூடாது என்று சொல்லப்பட, அந்த ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிர் காக்கும் நிலை தவிர அதைத் தடைசெய்து ஆணையிட்டது. அவர் இன்று குழந்தையாக இருந்திருந்தால், தமிழ்நாட்டில் அவருக்காகப் பேச ஓர் அரசாணை இருந்திருக்கும்.

குழந்தையின்மை மட்டும் உங்கள் இருவருக்கும் பொதுவானது. அதைத் தாயாரிடம் சொல்லலாம், உங்கள் காதலி சம்மதித்தால். “எங்களுக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பில்லை, தெரிந்துதான் திருமணம் செய்துகொள்கிறோம்” என்ற வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. யாரிடம் குறை என்று அம்மா கேட்பார். மறுபடியும் “எங்களுக்கு” என்றே சொல்லுங்கள். சுற்றத்தில் சிலர் உங்களைப் பார்த்து வேறு விதமாகப் பேசவும் கூடும். நம் ஊர்களில் அந்தப் பேச்சைக் காலங்காலமாகப் பெண்களே சுமந்து வந்திருக்கிறார்கள். நீங்கள் கொஞ்சம் சுமப்பது நியாயம்தான். பிள்ளை வேண்டும் என்று பின்னால் இருவருக்கும் தோன்றினால் சட்டப்படி தத்தெடுக்கலாம். தம்பதியர் என்றால் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிலையான மண வாழ்க்கை வாழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி.

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். குழந்தை இல்லாததால் சோதனை செய்தபோது என் கணவருக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பது தெரிந்தது. இதுவும் இடைபாலினம் என்று படித்தேன். அவர் அந்தச் சொல்லைக் கேட்டாலே கோபப்படுகிறார். யாருக்கும் தெரியக் கூடாது என்கிறார். மாமியார் வீட்டிலோ நான்தான் மலடி என்று பேசுகிறார்கள். அவர் மானத்தைக் காக்க நான் இன்னும் எத்தனை நாள் வாய்மூடி இருக்க வேண்டும்?

பதில்: அம்மா, அந்தச் சொல்லைத் தமக்கு ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் அவர் உரிமை. இவ்வகை குரோமோசோம் அமைப்பு ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது. அவர்களில் மிகப் பலர் தம்மை ஆண் என்று மட்டுமே அழைத்துக்கொள்கிறார்கள். பெயர் சூட்டுவதை விட்டுவிட்டு, ஹார்மோன் அளவையும் எலும்பு வலிமையையும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் பார்த்துக்கொள்ள மட்டும் சொல்லுங்கள். சோதனை அறிக்கைகளின் நகலை அவர் எழுதிக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்று நான் மேலே சொன்ன அதே விதிகள் கூறுகின்றன. அந்தக் கோப்பு அவர் கையிலேயே இருக்கட்டும்.

ஆனால் அவருடைய அந்தரங்கத்துக்கு விலையாக உங்கள் பெயர் கெட வேண்டியதில்லை. நீங்கள் உண்மையை வெளியிட வேண்டாம். அவர் உங்கள் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அடுத்த முறை அந்தச் சொல் அந்த வீட்டில் காதில் விழும்போது, நீங்கள் வாய் திறப்பதற்கு முன் அவர் தம் தாயிடம், “அவளிடம் எந்தக் குறையும் இல்லை, இனி இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்” என்று சொல்ல வேண்டும். குரோமோசோமைப் பற்றி ஓர் எழுத்தும் அதில் இல்லை. இன்று இரவே அவரிடம் இதைக் கேளுங்கள். அவரால் முடியாது என்றால், இருவருமாக ஓர் ஆலோசகரிடம் செல்லுங்கள். வாய்மூடி இருப்பது உங்கள் அன்பு. அதை அவர் கட்டாயமாக்க முடியாது என்பதை அங்கே மூன்றாம் ஒருவர் முன்னிலையில் அவரிடம் சொல்லுங்கள்.