1979 செவ்ரோலே சி10 பிக்கப்பில் டீசல் எஞ்சின் போடலாமா?

கேள்வியின் சாரம்: டெக்ஸஸில் இருக்கிறீர்கள். 1979 சி10 பிக்கப், 350 (கன அங்குலம்) பெட்ரோல் எஞ்சின், மூன்று கியர் ஆட்டோமேட்டிக். எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டது. அதை இறக்கிவிட்டு கம்மின்ஸ் 4பிடி டீசல் ஏற்றினால் மைலேஜ் எகிறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். செய்யலாமா?

டீசல் போடலாம். ஆனால் 4பிடி வேண்டாம். உங்கள் வண்டிக்குச் சரியான டீசல் ஜிஎம்மின் (செவ்ரோலேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ்) சொந்த 6.2 லிட்டர் வி8தான். அதையும் எஞ்சினாக வாங்காதீர்கள், ஓடுகிற நிலையில் ஒரு முழு வண்டியாக வாங்குங்கள். எஞ்சினைத் தூக்கி உள்ளே வைப்பது இந்த வேலையில் சின்னப் பங்கு. பணமும் நேரமும் கரைவது அதைச் சுற்றியுள்ள சில்லறைச் சாமான்களில்தான்.

முதலில் மைலேஜ் ஆசையை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். இப்போது காலனுக்கு 12 மைல் கொடுக்கிறது, டீசல் போட்டால் 20 கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 10,000 மைல் ஓட்டினால் பெட்ரோல் 833 காலன், டீசல் 500 காலன். பெட்ரோல் 3 டாலர், டீசல் 3.75 என்று கொண்டால் 2,500-க்கு எதிராக 1,875. மிச்சம் வருடத்துக்கு 625 டாலர். 4பிடி எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், லேத் வேலை எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் டாலர் ஆனால் முதல் திரும்பி வர 16 வருடம். ஆயில் குடிக்கிற 350-ஐ ரீபில்ட் செய்ய அதில் ஒரு பங்குதான் ஆகும். ஆக, காசு மிச்சம் பிடிக்க இதைச் செய்யாதீர்கள். டீசலின் இழுவை பிடிக்கும், ட்ரெய்லர் இழுக்கணும், சும்மா ஆசையாக இருக்கிறது - இவையெல்லாம் நியாயமான காரணங்கள். நானும் ஆசைக் கட்சிதான்.

4பிடி மேல் ஏன் எல்லோருக்கும் கண் என்று எனக்குப் புரிகிறது. 3.9 லிட்டர், நான்கு சிலிண்டர், முழுக்க மெக்கானிக்கல். கம்ப்யூட்டர் கிடையாது, பம்பில் உள்ள சோலனாய்டுக்கு 12 வோல்ட் கொடுத்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். 1989-இல் டாட்ஜ் பிக்கப்பில் வந்து பெயர் வாங்கிய 5.9 லிட்டர் 6பிடி இதன் அண்ணன். போர் (சிலிண்டரின் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) இரண்டிலும் ஒன்றே, சிலிண்டர்தான் இரண்டு குறைவு. ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரித்து 1613 லாரிகளில் போட்டது அந்த அண்ணனைத்தான். நம் ஊர் நெடுஞ்சாலை டீக்கடையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு பழைய பிக்கப்பில் அதைக் கேட்டால் கை துறுதுறுக்கும்தான்.

ஆனால் அது பிக்கப்புக்கென்று செய்த எஞ்சின் இல்லை. அமெரிக்காவில் விற்பனைக்கு வருகிற 4பிடிகளில் பெரும்பகுதி பிரெட் வேன், சிப்ஸ் வேன் மாதிரியான டெலிவரி வண்டிகளிலிருந்து கழற்றியவை. பல வேன்கள் ஜிஎம் சேஸி என்பதால் செவ்ரோலே கியர்பாக்ஸுக்கான அடாப்டரோடே கிடைக்கும், அது ஒரு வசதி. சுமார் 105 குதிரைத்திறன், எஞ்சின் அதிகம் சுற்றாமல் தடுக்கிற கவர்னர் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் நிறுத்திவிடும். இந்த 2,500-தான் சிக்கல்.

கணக்கு சுலபம்: மைல் வேகத்தை ஆக்சில் விகிதத்தால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் உயரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் எஞ்சின் சுற்று வரும். உங்கள் மூன்று கியர் பெட்டியில் ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சினைக் குறைவாகச் சுற்றவிடும் மேல் கியர்) கிடையாது. மேல் கியர் ஒன்றுக்கு ஒன்று. 28 அங்குல டயர், 3.73 ஆக்சில் என்றால் 65 மைலில் 2,900 சுற்று. 4பிடி அங்கே போகவே போகாது. 56 மைலிலேயே கவர்னர் பிடித்துவிடும். 3.08 ஆக்சிலாக இருந்தால் 67, 68 வரை போகலாம். டெக்ஸஸ் ஃப்ரீவேயில் 75-இல் போகிறவர்களுக்கு நடுவே முழு மூச்சில் கத்திக்கொண்டு 67-இல் போவீர்கள். கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றி 3,000-க்கு மேல் கொண்டுபோகிறவர்கள் உண்டு. சத்தம் கூடும், குடிப்பதும் கூடும். முறையான தீர்வு ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸ். அங்கேயே செலவு இரட்டிப்பாகிறது.

அப்புறம் அதிர்வு. அதிர்வைச் சமன் செய்கிற பேலன்ஸ் ஷாஃப்ட் இல்லாத பெரிய நான்கு சிலிண்டர். சிக்னலில் நிற்கும்போது ஓரக் கண்ணாடியில் பின்னால் நிற்கிற வண்டி ரெண்டாகத் தெரியும். மெத்தென்ற மவுண்டு போட்டால் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். இதையெல்லாம் மீறி 4பிடிதான் என்றால், ஏற்றுவதற்கு முன் டைமிங் கவரைக் கழற்றி உள்ளே ஒரு டவல் பின்னைப் பாருங்கள். கியர் ஹவுசிங்கை பிளாக்கோடு சரியாக உட்கார வைக்கிற பின் அது. இறுக்கத்தில் மட்டுமே நிற்கிறது. வருடக்கணக்கான அதிர்வில் வெளியே நகர்ந்து கியருக்குள் விழுந்தால் ஹவுசிங் உடையும், சில சமயம் எஞ்சினே போகும். பக்கத்து போல்ட்டுக்கு அடியில் ஒரு சின்னத் தகட்டை வைத்து பின்னை மறித்துவிட்டால் தீர்ந்தது. பழைய 12 வால்வு 6பிடிக்கும் இதே நோய், இதே மருந்து.

இனி 6.2. 1982-இலிருந்து ஜிஎம் தன் பிக்கப்களில், உங்கள் சி10 உட்பட, தொழிற்சாலையிலேயே போட்டு விற்ற டீசல். உங்கள் வண்டியின் உடல் வடிவம் 1987 வரை மாறவில்லை. அதாவது நீங்கள் செய்யப்போவது புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. மூன்று வருடம் கழித்துக் கம்பெனியே செய்ததைத்தான். பெல் ஹவுசிங் (எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற கூடு) போல்ட் அமைப்பு உங்கள் 350-இன் அதே அமைப்பு. அடாப்டர் தகடு, லேத் வேலை எதுவும் வேண்டாம். எடையும் 350-ஐவிட நூறு பவுண்டு சொச்சம்தான் கூடுதல். முன் ஸ்பிரிங் தாங்கும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். 130 குதிரைத்திறன்தான், டர்போ கிடையாது. இப்போதைய வேகத்தைவிட மெதுவாகத்தான் இருக்கும். மேட்டில் ட்ரெய்லரோடு ஏறும்போது பின்னால் வருகிறவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். ஆனால் 3,600 சுற்று வரை போகும் என்பதால் உங்கள் பழைய ஆக்சிலோடு ஒத்துப்போகும். டோனர் வண்டியில் (சாமான்களைக் கழற்றிக்கொள்ள நீங்கள் வாங்கும் அந்த முழு வண்டி) ஜிஎம்மின் 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால் அதன் ஓவர்டிரைவில் 3.73 ஆக்சிலுக்கே 65 மைலில் 2,000 சுற்றுதான் வரும். மைலேஜ் என்று ஏதாவது கிடைத்தால் அது இங்கேதான்.

விளம்பரம் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. "350 டீசல்" என்று போட்டிருந்தால் ஓடிவிடுங்கள். அது ஓல்ட்ஸ்மொபீலின் 5.7 லிட்டர் டீசல். 1978-இலிருந்து சில வருடம் சி10-இலும் கொடுத்தார்கள். பெட்ரோல் எஞ்சினின் ஹெட் போல்ட் அமைப்பையே டீசலின் அழுத்தத்துக்கும் வைத்துக்கொண்டதால் ஹெட் கேஸ்கட் போய்க்கொண்டே இருந்தது. போதாததற்கு டீசலில் வரும் தண்ணீரைப் பிரிக்க வடிகட்டியும் வைக்கவில்லை. அமெரிக்கர்கள் கார்களில் டீசலை இத்தனை வருடம் வெறுத்ததில் அந்த எஞ்சினுக்குப் பெரிய பங்கு உண்டு.

முழு வண்டி ஏன் என்று கேட்டால் வாக்குவத்தை (வெற்றிட உறிஞ்சலை) மட்டும் சொன்னால் போதும். பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் மூடும்போது மேனிஃபோல்டில் வாக்குவம் உண்டாகும். மிதியை லேசாக்குகிற உங்கள் பிரேக் பூஸ்டர் அதை நம்பித்தான் இருக்கிறது. டீசலில் த்ராட்டிலே கிடையாது, வாக்குவமும் கிடையாது. எஞ்சின் கச்சிதமாக உட்கார்ந்து முதல் முறை ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனால் பிரேக் மிதி கல் மாதிரி நிற்கும். ஒன்று வாக்குவம் பம்பு வேண்டும், இல்லையென்றால் ஹைட்ரோபூஸ்ட் - பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் பிரேக்குக்கு உதவுகிற அமைப்பு. ஜிஎம்மின் பல டீசல் பிக்கப்களில் இது இருந்தது. டோனர் கையில் இருந்தால் பூஸ்டர், ஹோஸ், பம்பு எல்லாம் போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலை. இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகத் தேடி அலைய வேண்டும்.

வாக்குவம் அதோடு விடாது. உங்கள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எப்போது கியர் மாற்றுவது என்று தீர்மானிக்க ஒரு வாக்குவம் மாடுலேட்டரை வைத்திருக்கிறது. வாக்குவம் வராவிட்டால் முழு ஆக்சிலரேட்டரில் போவதாக நினைத்துக்கொண்டு, தாமதமாக, டமாரென்று கியர் மாற்றும். டீசலோடு அந்த மாதிரி கியர்பாக்ஸ் கொடுத்தபோது டீசல் பம்பின் மேல் ஒரு வாக்குவம் வால்வை வைத்து ஜிஎம் சமாளித்தது. 700ஆர்4-க்கு இந்தத் தொல்லை இல்லை, கேபிள்தான். அதையும் சேர்த்தே எடுங்கள் என்று நான் சொல்வதற்கு ஓவர்டிரைவ் பாதிக் காரணம், இது மீதிக் காரணம்.

இன்னொன்று, தெரியாதவர்கள் எஞ்சினையே தொலைக்கிற இடம். பல 6.2-களில் வாக்குவம் பம்பு எஞ்சினின் பின்பக்கம், பெட்ரோல் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் நிற்கிற இடத்தில் இருக்கும். ஹைட்ரோபூஸ்ட் போட்டாச்சே, இது எதற்கு என்று கழற்றி ஓட்டையை மூடிவிடக் கூடாது. ஆயில் பம்பைச் சுற்றுவதே அதன் அடிப்பகுதிதான். கழற்றினால் அதே இடத்தில் ஆயில் பம்பு டிரைவ் என்று தனியாக ஒன்று போட வேண்டும்.

மற்றவை சில்லறைதான். இரண்டு பேட்டரி, இரண்டு தட்டு. இக்னிஷன் காயில் இல்லாததால் பழைய ஆர்பிஎம் மீட்டர் செத்துவிடும். டீசலுக்கான மீட்டரை ஆல்டர்னேட்டரிலிருந்து எடுக்கலாம். பெட்ரோல் டேங்கைக் கழற்றி நன்றாகக் கழுவுங்கள், உள்ளே காய்ந்து ஒட்டியிருப்பதையெல்லாம் டீசல் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். மிஞ்சிய டீசலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைன் இருக்கிறதா பாருங்கள். டேங்க் வாயில் அன்லெடட் பெட்ரோலுக்கான குறுகல் தட்டு இருந்தால் எடுத்துவிட வேண்டும், இங்கே டீசல் பங்க் நாசில் பெரிது, உள்ளே நுழையாது.

சட்டத்திலும் 6.2-க்குத்தான் சாதகம். கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் துறையின் கொள்கை, மாற்றிப் போட்டபின் வண்டி அதே வருட அல்லது அதற்குப் பிந்தைய ஒரு சான்றளிக்கப்பட்ட மாடலுக்கு நிகராக, அதற்குரிய புகைக் கருவிகளோடு, இருக்க வேண்டும் என்பது. 6.2 போட்ட சி10 அப்படியொரு மாடலாகவே விற்பனையானது. பிரெட் வேன் 4பிடிக்கு அந்தப் பூர்வீகம் கிடையாது. நடைமுறையில் டெக்ஸஸில் தனியார் வண்டிகளுக்கான பாதுகாப்புச் சோதனை 2025-இல் போய்விட்டது. ஹூஸ்டன், டல்லஸ் பக்கம் இன்னும் இருக்கிற புகைச் சோதனையும் 24 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு இல்லை. யாரும் பானட்டைத் திறந்து பார்க்கப்போவதில்லை என்பதும், சட்டப்படி சரி என்பதும் வேறு வேறு. நாளைக்குக் கலிஃபோர்னியா பக்கம் குடிபெயர்ந்தால் வித்தியாசம் தெரியும். காப்பீட்டிலும் பதிவிலும் எரிபொருள் மாறியதைச் சொல்லிவிடுங்கள்.

டோனருக்கு ஜிஎம்மின் 1982-87 டீசல் பிக்கப், சபர்பன் எதுவானாலும் சரி. ராணுவம் கழித்துவிட்ட எம்1008 பிக்கப்களும் வரும், அதுவும் 6.2-தான்; பராமரிப்பு நன்றாக இருக்கும். ஸ்டார்ட்டர் மட்டும் 24 வோல்ட் என்பதால் வயரிங்கைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஆக்சில் 4.56, அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியது க்ளோ பிளக், ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரின் உள்ளே சூடேற்றுகிற பிளக். நண்பர் ஒருவரின் 1984 பிக்கப்பில் அதைக் கழற்ற உதவினேன். மரை முழுக்க விட்டுவிட்டது, பிளக் வெளியே வரவில்லை. பழைய மாடல் பிளக்குகளின் முனை சூட்டில் ஊதி, நுழைந்த ஓட்டை வழியே திரும்பாது. எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித்தான் எடுத்தோம். வெளியே வந்த முனை வெடித்துப் பருத்திருந்தது. இழுக்கிற அவசரத்தில் முனை ஒடிந்து உள்ளே விழுந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டி வரலாம். ஊதாத வகை, ஏசி 60ஜி மாதிரி, இப்போது கிடைக்கிறது. விற்பவர் அதைப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். ஆயில் மூடியைத் திறந்து ஓடவிட்டுப் புகை எவ்வளவு வீசுகிறது என்றும், ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வருகிறதா என்றும் பாருங்கள். இந்த பிளாக்குகளில் மெயின் பேரிங் பக்கம் விரிசல் விடுகிற பழக்கம் உண்டு. சம்ப்பைக் கழற்றிப் பார்க்க அவர் சம்மதிக்க மாட்டார், எஞ்சினை வெளியே எடுத்ததும் நீங்களே முதல் வேலையாகப் பாருங்கள்.

நீங்கள் போய்ச் சேரும்போது பானட்டில் கை வைத்துச் சூடாக இருந்தால், ஆறியதும் நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். ஆறிய எஞ்சின் ஸ்டார்ட் ஆவதைப் பார்க்காமல் 6.2-க்கு விலை பேசக் கூடாது.