பீட்சாவில் எதைக் குறைப்பது?

கேள்வி: பிள்ளைகள் வாரம் தவறாமல் பீட்சா கேட்கிறார்கள். வீட்டிலேயே கலோரி குறைவாகச் செய்ய முடியுமா? – ஈசூன் வாசகி

பதில்: முடியும். எல்லாரும் மாவைத்தான் திட்டுகிறார்கள், ஆனால் சீஸும் லேசுப்பட்டதில்லை: 100 கிராம் மொஸரெல்லா சீஸில் ஏறக்குறைய 280 கலோரி, அதனால் ஒரு பீட்சாவுக்கு 40 கிராம் மட்டும் எடுத்து மெல்லியதாகத் துருவித் தூவுங்கள், கொஞ்சமே நிறையப் பரவும். எண்ணெயை ஊற்றாமல் தடவுங்கள். ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி. மாவுக்குப் பதில் முழுக்கோதுமைச் சப்பாத்தி போதும். சிங்கப்பூர் தேக்கா சந்தைத் தக்காளியைப் பூண்டோடு வதக்கிச் சுண்ட வைத்தால் சாஸ் தயார். காளானைத் தனியாக வதக்கி, நீர் வற்றியபின் போடுங்கள், இல்லாவிட்டால் சொதசொதவென்று ஆகிவிடும் (என் முதல் பீட்சாவைக் கரண்டியால்தான் சாப்பிட்டோம்). அப்புறம் 220 டிகிரி செல்சியஸ் சூட்டில் அவன் அடுப்பில் 7, 8 நிமிடம். சாசேஜ் வேண்டாம், கோழி நெஞ்சுக்கறி போடலாம்.