ஸ்கிராப்புக்: தாளும் பசையும் குறித்துச் சில கேள்விகள்

கேள்வி: படங்களையும் நினைவுக் குறிப்புகளையும் அலங்கரித்துச் சேர்த்துவைக்கும் ஏடான ஸ்கிராப்புக்கில் வரும் மேட்டிங், ஜர்னலிங் என்ற சொற்களுக்கு என்ன பொருள்?

பதில்: படத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டிய வண்ணத் தாளைப் படத்துக்குப் பின்னால் வைத்து, நான்கு புறமும் மெல்லிய கரை தெரியும்படி அமைப்பது மேட்டிங். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், அன்று என்ன நடந்தது என்று அதே பக்கத்தில் கைப்பட எழுதுவது ஜர்னலிங். எல்லா அலங்காரத்தையும்விட இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். பெயர் எழுதாத படம் இரண்டு தலைமுறை கடந்தால் வீட்டாருக்கே அடையாளம் தெரியாது.

கேள்வி: பக்கம் எந்த அளவில் இருக்க வேண்டும்?

பதில்: 12 அங்குலச் சதுரமே பரவலான அளவு. தொடங்குபவர்களுக்கு ஏ4 போதும்.

கேள்வி: அமிலமற்ற தாள்தான் வேண்டுமா? சாதாரணச் சார்ட் தாளில் ஒட்டக் கூடாதா?

பதில்: ஒரு செய்தித்தாளைச் சில நாள் வெயிலில் போட்டு, மேலே ஒரு புத்தகத்தையும் வைத்துப் பாருங்கள், புத்தகம் மறைத்த இடம் வெளுப்பாகவும் மற்ற இடம் பழுப்பாகவும் இருக்கும். மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற இயற்கைப் பொருள் ஒளியாலும் காற்றாலும் சிதைவதே இதற்குக் காரணம். அப்போது உண்டாகும் அமிலம் பக்கத்திலுள்ள படத்தையும் கெடுக்கும். ஆகவே அமிலமும் லிக்னினும் இல்லாத கார்டுஸ்டாக் என்ற தடித்த தாளையே அடித்தாளாகக் கொள்ளுங்கள்; செய்தி நறுக்குகளை அமிலமற்ற தாளில் நகலெடுத்து ஒட்டுங்கள். பக்கங்களை இடும் உறை பிவிசி பிளாஸ்டிக்காக இல்லாமல், பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

கேள்வி: அம்மாவின் 1980களின் ஆல்பத்தில், பசைக்கோடுகள் உள்ள அட்டையோடு படங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. பிய்த்தெடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து பிய்க்காதீர்கள். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் இருக்கும் நிலையிலேயே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பிறகு பல்லிடுக்கைச் சுத்தம் செய்ய உதவும், மெழுகு பூசாத டென்டல் ஃபிளாஸ் நூலைப் படத்தின் ஒரு மூலையில் அடியில் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வளைவது அட்டையாக இருக்கட்டும், படம் வளையக் கூடாது. நூல் நகர மறுத்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, படத்தைச் சுற்றி அட்டையை வெட்டி அப்படியே வைத்துக்கொள்வது மேல்.

கேள்வி: அப்படியானால் புதிய பக்கத்தில் எதைக்கொண்டு ஒட்டுவது?

பதில்: மூலப்படங்களுக்குப் பசையே வேண்டாம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873இல் பசை தடவிய ஸ்கிராப்புக்குக்குக் காப்புரிமை பெற்ற காலத்தில் பசையே பெரிய வசதியாக இருந்தது. மூலப்படங்களுக்கு, மூலையைச் செருகும் சிறு உறையான போட்டோ கார்னர்தான் என் பரிந்துரை: நான்கு முனைகளையும் அதில் செருகினால், நினைத்தபோது படத்தை வெளியே எடுக்கலாம். இரட்டைப்பக்க டேப்பை நகல்களுக்கும் அலங்காரத் தாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வட்டமாகவோ இதய வடிவிலோ வெட்டும் ஆசையையும் நகலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் தெரியும் வாசற்படியும் பழைய சைக்கிளும்கூட அந்தப் படத்தின் பகுதிதான்.