எதிர்பாராத பனிப்பொழிவு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

12 வருடம் சாலைப் பராமரிப்புக் கட்டுப்பாட்டு அறையில் இரவு வேலை பார்த்தவன் நான். பழக்கமில்லாத ஊரில் திடீரென்று பனி கொட்டினால் என்ன ஆகும், அதுதான் எனக்குத் தெரிந்த விஷயம். மருத்துவமும் விமானச் சீட்டும் எனக்குத் தெரியாது.

பாலைவனத்தில் பனி பெய்ததாக வரும் படங்கள் நிஜமா?

சில நிஜம். அல்ஜீரியாவில் ஐன் செஃப்ரா என்ற ஊர் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், அட்லஸ் மலைத்தொடரை ஒட்டி இருக்கிறது. 2016 டிசம்பரிலும் 2018 ஜனவரியிலும் அங்கே செம்மணல் மேடுகள் மேல் பனி படிந்தது. ஆனால் 2013 டிசம்பரில் எகிப்தின் கெய்ரோ என்று சொல்லிச் சுற்றிய, பனி மூடிய ஸ்பிங்ஸ் சிலைப் படம், ஜப்பானில் ஒரு பூங்காவில் இருக்கும் சிறிய மாதிரி.

அண்ணா, 18 வருடமாகப் பனி நாட்டில் கார் ஓட்டுகிறேன். சில ஊர்களில் இரண்டு அங்குலப் பனிக்கே எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்கள். பயந்தாங்கொள்ளித்தனம் இல்லையா?

இல்லை தம்பி. இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும்.

2014 ஜனவரி 28, அட்லாண்டா. பெய்தது 7 சென்டிமீட்டர்கூட இல்லை. பனி விழ ஆரம்பித்ததும் பள்ளி, அலுவலகம், அரசு வேலை எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விட்டார்கள். எல்லா வண்டியும் ஒன்றாகச் சாலைக்கு வந்தது. விழுந்த பனியை டயர்கள் மிதித்து உருக்கின, உருகிய நீர் உடனே இறுகிக் கண்ணாடி மாதிரி ஆனது. சாலை உறையாமல் இருக்க உப்பு தூவ வந்த லாரிகளும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டன. பிள்ளைகள் இரவு முழுக்கப் பள்ளியில் தூங்கினார்கள், ஜனங்கள் கடைகளில் தரையில் படுத்தார்கள், நெடுஞ்சாலையில் ஒரு குழந்தையே பிறந்தது. அங்கே யாருக்கும் தைரியம் குறையவில்லை. வண்டிகளில் பனிக்கால டயர் இல்லை, முந்தின இரவே உப்பு தூவவில்லை, அவ்வளவுதான்.

கார்க் கண்ணாடியில் உறைந்த பனி மேல் வெந்நீர் ஊற்றலாமா?

கூடாது. ஒரே நொடியில் ஒரு பக்கம் சூடாகிக் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். உள்ளே ஹீட்டரைப் போட்டு விட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் மெதுவாக எடுங்கள். அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள்: வண்டியின் பின்னால் போய் சைலன்சர் குழாய் வாயில் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வண்டிக்குள்ளேயே வரும். அதற்கு வாசனை கிடையாது.

பனிமனிதன் செய்யப் பார்த்தோம், உதிர்ந்து உதிர்ந்து போகிறது. ஏன்?

குளிர் அதிகம், பனியில் ஈரம் இல்லை. பூஜ்யம் டிகிரியை ஒட்டி வரும்வரை பொறுங்கள். கையில் பிடித்து இறுக்கினால் விரல் தடம் அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம்.

பழக்கமில்லாத ஊர்களில் ஜனங்கள் சந்தோஷமாகக் கொண்டாடியதும் உண்டா?

எத்தனையோ! அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் 2007 ஜூலை 9 அன்று பெய்தது. 1918க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. அவர்களுடைய சுதந்திர தினம் வேறு, விடுமுறை, எல்லோரும் தெருவில். 2021 ஜனவரியில் ஃபிலோமினா புயல் மாட்ரிட் நகரை மூடியபோது கிரான் வியா சாலையில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு போனார்கள், ஒருவர் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலேயே வலம் வந்தார். 2025 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் 20 சென்டிமீட்டர் கொட்டியது. அது தட்டையான ஊர், சறுக்க மேடு வேண்டுமே, ஆற்று வெள்ளத்துக்குக் கட்டிய கரைகளைப் பிடித்துக்கொண்டார்கள்! எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மாட்ரிட்டில் கொண்டாட்டம் முடிந்த மறுநாளிலிருந்து கடும் உறைகுளிர். மிதிபட்ட பனி கல்லாகி, வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தவர்களால் மருத்துவமனைகள் நிரம்பின. எப்போதும் முதல் நாளைவிட இரண்டாம் நாள்தான் ஆபத்து. விளையாடிய கையோடு வாசற்படியைச் சுத்தம் செய்துவிடுங்கள். மண்வாரி இல்லையா, குப்பை முறம் போதும்.

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அவர் பனி அள்ளலாமா?

மருத்துவரைக் கேளுங்கள். கேட்கும்வரை அவர் கையில் மண்வாரி வேண்டாம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், அந்த நேரத்தில் கைக்குக் கனமான வேலை கொடுப்பது இதயத்துக்குப் பெரிய சுமை.

கார்க் கண்ணாடியில் வெந்நீரோடு கொஞ்சம் உப்பு கலந்து ஊற்றினால்?

கூடாது. மேலே சொன்னதைப் படியுங்கள்.

அண்ணா, அதே 18 வருடக்காரன்தான். ஓட்டும் திறமை இருந்தால் டயர் பெரிய விஷயமே இல்லை என்பேன்.

நீங்கள் ஓட்டும் திறமையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும், தரையைப் பிடிக்காது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம் என்று சட்டமே இருக்கிறது. அங்கே ஓட்டத் தெரியாதவர்களா இருக்கிறார்கள்? நீங்கள் காலையில் எழுந்து வண்டி எடுப்பதற்கு முன்னால், ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் உங்கள் தெருவில் பனி தள்ளி உப்பு போட்டிருப்பார். அந்த வேலையில் இருந்தவன் சொல்கிறேன், உங்கள் திறமையில் பாதி அவருடையது.

மின்சாரம் போய்விட்டால் வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டிக் குளிர் காயலாமா?

வேண்டவே வேண்டாம். 2021 பிப்ரவரியில் டெக்சஸில் மின்சாரம் போனபோது வீட்டுக்குள் கரி மூட்டியும், கார் நிறுத்தும் அறையில் என்ஜினை ஓட விட்டும் கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீயில் பனி பார்க்கப் போனவர்கள் 20க்கும் மேற்பட்டோர் பனியில் சிக்கிய வண்டிகளிலேயே இறந்தார்கள், சிலர் இதே வாயுவால். ஒரே அறையில் எல்லோரும் கூடுங்கள், கதவிடுக்கைத் துணியால் அடையுங்கள், கம்பளி போர்த்துங்கள். அந்த அறைக்குள் எதையும் எரிக்காதீர்கள்.

ராத்திரி பனி பெய்தால் வெளியே போகாமலே தெரியுமா?

தெரியும். புதுப் பனிக்குள் காற்று நிறைய இருப்பதால் அது சத்தத்தை உறிஞ்சிவிடும். தெருவின் வழக்கமான இரைச்சல் திடீரென்று காணாமல் போகும். தெருவிளக்கு வெளிச்சம் தரையில் பட்டுத் திரும்பி, விளக்கணைத்த அறையின் கூரையே வெளுத்துத் தெரியும். பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள், முதல் வண்டி தடம் போடுவதற்குள் பார்க்கட்டும்.

சரி அண்ணா, டயர் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரில் ஒருநாள் அந்த உப்பு லாரி வராவிட்டால்?

வண்டியை எடுக்காதீர்கள். எடுத்து நடுவழியில் சிக்கிவிட்டால் இறங்கி நடக்க வேண்டாம், உள்ளேயே இருங்கள். மணிக்குப் பத்து நிமிடம் என்ஜினை ஓட விடுங்கள், ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வையுங்கள். ஒவ்வொரு தடவையும் என்ஜினைப் போடுவதற்கு முன் இறங்கி சைலன்சரைப் பார்த்துவிடுங்கள் தம்பி.