லேனா ஏன் வடக்க ஓடுது? ரஷ்ய ஆறுங்க பத்தி நீங்க கேட்டது

இந்த வாட்டி வந்த கேள்வில பாதி ஒரே கேள்விதான், ஆளாளுக்கு வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க. அத முதல்ல எடுத்துக்கறேன்.

கே: சைபீரியா ஆறெல்லாம் மேப்புல கீழருந்து மேல ஏறுதே, எப்படி?

ஏறலங்க, இறங்குது. மேப்புல வடக்க மேல போட்டது நம்ம பழக்கம், தண்ணிக்கு அது தெரியாது. சைபீரியாவுக்கு தெக்கால அல்தாய், சயான்னு மலைங்க, வடக்க ஆர்க்டிக் கடல். அதனால ஓப், யெனிசெய், லேனா மூணுமே வடக்க பாத்துதான் ஓடும்.

ஆனா இதுல ஒரு வம்பு இருக்கு. வசந்தத்துல தெக்க இருக்கற மேல்பகுதி முதல்ல உருகிடும், வடக்க கீழ்பகுதி இன்னும் கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்கும், அப்போ மேலருந்து வர்ற வெள்ளமும் உடைஞ்ச ஐஸ் பாளமும் சேந்து ஆத்து வளைவுல அடைச்சிக்கும், தண்ணிக்குப் போக வழியில்லாம ஊருக்குள்ள பூந்துடும். 2001 மே மாசம் லேனா கரையில இருக்கற லேன்ஸ்க் ஊரு அப்படித்தான் முங்கிச்சு. ஐஸ உடைக்க விமானத்துலருந்து குண்டே போட்டாங்க. வெள்ளம்னாலே மழைன்னு நெனைக்கற நமக்கு இது புதுசு, வானத்துல ஒரு சொட்டு விழாமலே ஊரு மூழ்கும்.

கே: யாகுட்ஸ்க்ல லேனாவ எப்படிக் கடக்கறாங்க?

கோடையில ஃபெர்ரி, குளிர்காலத்துல உறைஞ்ச ஆத்து மேலயே லாரி ஓடும். ரெண்டுக்கும் நடுவுல, ஐஸ் பிடிக்கற சில வாரமும் உடையற சில வாரமும்தான் திண்டாட்டம். ரோடும் ரயிலும் எதிர்க்கரையோட நின்னுடுது, பாலம் இன்னும் கட்டி முடியல.

கே: வோல்கா அவ்ளோ பெரிய ஆறு, ஏன் சமுத்திரத்துக்குப் போகல?

அது சேர்ற காஸ்பியன் கடலுக்கு வெளிய போக வழியே கெடையாது, வர்ற தண்ணி ஆவியாகித்தான் போகணும். வோல்கா வால்தாய் மேட்டுல கடல் மட்டத்துக்கு 228 மீட்டர் உயரத்துல பொறக்குது, காஸ்பியனோ கடல் மட்டத்துக்கு சுமார் 28 மீட்டர் கீழ. நீளம் 3,530 கிலோமீட்டர். கணக்குப் போட்டா கிலோமீட்டருக்கு சராசரியா 7 சென்டிமீட்டர்தான் இறக்கம்! அதான் அவ்ளோ நிதானம். இப்போ வரிசையா அணை கட்டி, பாதி எடத்துல ஆறா ஏரியான்னே தெரியாது. கப்பல் மட்டும் கருங்கடல் பக்கம் போயிடலாம், 1952ல தொறந்த 101 கிலோமீட்டர் கால்வாய் வோல்காவ டான் ஆத்தோட சேக்குது.

சொல்ல மறந்துட்டேன், அஸ்த்ரகான் பக்கம் வோல்கா கழிமுகத்துல கோடையில தாமரை பூக்கும். ரஷ்யான்னா வெறும் பனின்னு நெனைக்கறவங்க போட்டோ தேடிப் பாருங்க.

கே: பைக்கால் ஏரியிலருந்துதான் லேனா வருதா?

இல்ல. பைக்கால் கரையிலருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளிதான் பொறக்குது, ஆனா நடுவுல மலை, தண்ணி அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. பைக்கால்ல 300க்கும் மேல ஆறும் ஓடையும் வந்து விழுது, வெளிய போறது அங்காரா ஒண்ணுதான். பைக்கால் அப்பன், அங்காரா மக, யெனிசெய் மேல ஆசப்பட்டு ஓடிப்போனா, அப்பன் கோவத்துல பாறையத் தூக்கி எறிஞ்சான்னு அங்க ஒரு கத உண்டு, அந்தப் பாறை அங்காரா கெளம்பற எடத்துல இன்னும் நீட்டிட்டு இருக்கு. வேடிக்க என்னன்னா, ரெண்டும் சேர்ற எடத்துல அங்காராவுலதான் தண்ணி அதிகம், பேரு மட்டும் யெனிசெய்க்கு. இந்த மாதிரி பேர் விஷயத்துல நியாயம் பாக்காதீங்க, இர்திஷ்கூட ஓப்ப விட நீளம்தான், ஆனா அதத்தான் கிளை ஆறுன்றாங்க.

கே: நேவா ஏன் இவ்ளோ குட்டி?

லடோகா ஏரிக்கும் பின்லாந்து வளைகுடாவுக்கும் நடுவுல இருக்கறதே அவ்ளோதான், 74 கிலோமீட்டர். ஆனா ஒரு பெரிய ஏரி மொத்தமும் அது வழியாத்தான் வடியுது, அதனால அகலத்துலயும் தண்ணியிலயும் குட்டின்னு சொல்ல முடியாது.