கேள்வி–பதில்: பெனால்டியில் தோற்ற பிறகு

சுங்கை சிப்புட்டில் ஆண்டுதோறும் இரண்டு கல்லூரிகள் மோதும் காற்பந்தாட்டத்தைப் பற்றி இம்முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. 1-1 என்று முடிந்து, பெனால்டியில் 4-3 என்று கைவிட்டுப் போன ஆட்டம். பூப்பந்து பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி பெனால்டியை அடித்தவன் என் தம்பி. ஊன்றிய கால் வழுக்கி, பந்து இரண்டு காலிலும் பட்டு வலைக்குள் போனது. நடுவர் கோல் இல்லை என்று கைகாட்டிவிட்டார். மூன்று நாளாக அறையை விட்டு வரவில்லை. புலன (வாட்ஸ்அப்) குழுவிலிருந்தும் விலகிவிட்டான். "விளையாட்டுதானே, விடுடா" என்று அம்மா சொன்னால் எரிந்து விழுகிறான். என்ன செய்வது?
– ஓர் அக்காள், சுங்கை சிப்புட்

"விளையாட்டுதானே" என்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அவன் ஓர் ஆண்டு உழைத்ததை ஒன்றுமில்லை என்று சொல்வதாகத்தான் அவன் காதில் விழும். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பதும் இப்போது வேண்டாம். கடைசி ஆண்டு மாணவன் என்றால் அவனுக்கு அடுத்த வருஷமே கிடையாது.

உடம்பிலிருந்து தொடங்குங்கள். முழு ஆட்டம் ஓடியவன் சாப்பிடாமல் படுத்தால் மறுநாள் தசைவலியும் பசியும் சேர்ந்து மனத்தை இன்னும் கீழே இழுக்கும். சோற்றுக்குக் கூப்பிட்டு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு குவளை மைலோ, இரண்டு அவித்த முட்டை, வாழைப்பழம், இவற்றை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மாலைக்குப் பிறகு காப்பியும் சக்திபானமும் கூடாது, இருக்கிற தூக்கமும் போய்விடும்.

அணி முழுவதையும் வீட்டுக்கு வரவழைக்காதீர்கள். ஒருவன் போதும். 4-3 என்றால் உங்கள் தம்பியின் அணி ஐந்து உதையில் இரண்டைத் தவறவிட்டிருக்கிறது. முதலில் தவறவிட்டவனைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை, கவனித்தீர்களா? அவனை அனுப்புங்கள். கடைசியாக அடித்தவன் மட்டுமே தோற்கடித்தான் என்பது கணக்குக்கே ஒத்துவராத பேச்சு.

அடுத்து சட்டம். ஊன்றிய காலில் பந்து தற்செயலாகப் பட்டு கோலாகிவிட்டால் உதையை மீண்டும் அடிக்க வேண்டும் என்று அனைத்துலகக் காற்பந்துச் சட்ட வாரியம் 2025 ஜூனில் தெளிவுபடுத்தியது. அந்த ஆண்டு மார்ச்சில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக அட்லெட்டிகோவின் ஹூலியன் ஆல்வரெஸ் இதே போல வழுக்கி அடித்து, கோல் ரத்தானதுதான் காரணம். 2025 ஜூலை 1-க்குப் பிறகு தொடங்கும் போட்டிகளுக்கு இது பொருந்தும். பந்து கோலாகாமல் போயிருந்தால் மட்டுமே தவறிய உதையாகப் பதிவாகும். ஆக, உங்கள் தம்பிக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்திருக்க வேண்டும். ஆனால் கிடைத்திருக்க வேண்டியது கோல் அல்ல, மறு உதை. அதுவும் உள்ளே போயிருந்தால்கூட 4-4 தான், ஆறாவது உதைக்குப் போயிருக்கும். இதை ஒளிக்காமல் அவனிடம் சொல்லுங்கள். நடுவரைத் திட்டி முகநூலில் காணொளி போடுவதற்கு மட்டும் இதைக் காரணமாக்காதீர்கள். முடிவு மாறாது, அந்தக் காட்சிதான் ஊர் முழுக்கச் சுற்றும்.

இரண்டு வாரமாகியும் தூக்கமும் சாப்பாடும் திரும்பாவிட்டாலோ, "நான் இருந்து என்ன" என்பது போல ஒரு வார்த்தை வந்தாலோ காத்திருக்க வேண்டாம். இப்படிப் பேச்சு வந்தால் இரண்டு வாரம் என்ற கணக்கும் வேண்டாம், அன்றே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். மனவேதனையில் இருப்பவர்களுக்குச் செவிகொடுக்கும் பிஃபிரண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம்.

பயிற்சியில் பத்துக்கு ஒன்பது போடும் பையன்கள் அன்று கோட்டைவிட்டார்கள். அடுத்த ஆண்டுக்கு எப்படித் தயார் செய்வது?
– உதவிப் பயிற்றுநர்

அந்தப் பத்துக்கு ஒன்பது, களைப்பில்லாத காலில், வரிசையாக, யாரும் பார்க்காதபோது அடித்தது. அதை நம்பக்கூடாது. பயிற்சியின் கடைசியில், 40 மீட்டர் ஓட்டம் ஆறேழு முறை ஓடவிட்டு, எல்லாரையும் நடுவட்டத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொருவனாகத் தனியாக நடந்து வந்து ஒரே ஓர் உதை. போனால் போனதுதான், இரண்டாவது கிடையாது. நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் ஐந்து பேர் யார் என்பதை நோட்டே சொல்லிவிடும். ஆறாவது, ஏழாவது ஆளையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

கோல் கம்பங்களுக்கு இடையே அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44. இரு பக்கமும் கம்பத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் துணி கட்டித் தொங்கவிட்டு, அந்த இடைவெளிக்குள் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து 11 மீட்டரைக் கடக்க 0.4 விநாடிதான். கோல் காவலர் சரியான பக்கம் பாய்ந்தாலும் அந்த ஒரு மீட்டரில் பெரும்பாலும் கை எட்டாது. விசில் ஊதியதும் ஓடத் தொடங்குபவன் அதிகம் தவறவிடுகிறான். ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் புறப்படட்டும். மூலையை நடந்து வரும்போதே முடிவு செய்துவிட வேண்டும், ஓடும்போது மாற்றக்கூடாது.

வழுக்கல் வேறு சங்கதி. சாயங்காலம் மழை பெய்த திடலில் எட்டு உதைக்குப் பிறகு பெனால்டிப் புள்ளியின் பக்கத்தில் குதிகால் தோண்டிய குழிதான் இருக்கும். பந்தின் ஒரு பகுதி புள்ளியின் மையத்தைத் தொட்டோ அதன் மேலோ இருந்தால் போதும் என்கிறது சட்டம். அதற்குள் நகர்த்தி, ஊன்றுகால் விழும் இடம் கெட்டியாக இருக்கும்படி பார்க்கலாம். அந்த இடத்தை பூட்ஸால் மிதித்துச் சமப்படுத்தவும் வேண்டும். ஊன்றுகால் பந்துக்கு ஒரு சாண் பக்கவாட்டில் இருக்கட்டும். ரொம்பச் சாய்வாக ஓடி வந்தால் அந்தக் காலைப் பக்கவாட்டில் தள்ளும் விசை கூடும், சேற்றில் அதுதான் வாரிவிடும். ஈரத்தில் நான்கைந்து காலடி ஓட்டம், குறைந்த சாய்வு. பூட்ஸின் அடியிலுள்ள ஸ்டட்டுக்கிடையே அப்பிய மண்ணை நடுவட்டத்திலேயே குச்சியால் நோண்டி எடுக்கச் சொல்லுங்கள்.

பெனால்டிக்கென்று கடைசி நிமிடத்தில் ஆள் இறக்காதீர்கள். 2021-ல் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்து ரஷ்ஃபோர்டையும் சான்சோவையும் அப்படித்தான் இறக்கியது. இருவருமே தவறவிட்டார்கள்.

பெனால்டியும் பூவா தலையாவும் ஒன்றுதானே? எதற்கு இதற்குப் போய் அழுகிறார்கள்?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

அசல் பூவா தலையாவே இருந்தது ஐயா. 1968 ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் இத்தாலி சோவியத் அணியை வென்றது காசு சுண்டித்தான். அந்தக் கூத்துக்கு முடிவுகட்ட 1970-ல் பெனால்டி முறை வந்தது. அதை ஏற்கவைக்க முன்னின்றவர்களில் நம் மலேசியாவின் கோ இயூ தேக் ஒருவர். மற்றபடி, 2018 சுசுகி கிண்ண (தென்கிழக்காசியக் கிண்ணம்) அரையிறுதியை நினைத்துப் பாருங்கள். பேங்காக்கில் கடைசிக் கட்டத்தில் பெனால்டியை வானத்துக்கு அடித்த தாய்லாந்தின் அடிசாக் கிரைசோர்ன்தான் அந்தப் போட்டியில் அதிகக் கோல் போட்டவர், 8 கோல். நாம் இறுதியாட்டத்துக்குப் போனது அவர் தயவில். அன்று மாமாக் கடையில் மேசையைத் தட்டிக் கொண்டாடியவர்கள் இந்தப் பையனைக் கொஞ்சம் விட்டுவைக்கலாம்.

நான் ஜெயித்த அணி. பெனால்டி தவறவிட்டவனும் நானும் ஒரே தமிழ்ப்பள்ளி, பக்கத்துப் பக்கத்து லயம். இப்போது போய்ப் பார்க்கலாமா?
– எதிரணி ஆட்டக்காரர்

ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் நேரில் போங்கள், அணிச் சட்டையோடு அல்ல. "நீ நல்லாத்தான்டா ஆடின" என்று ஆரம்பித்தால் பரிதாபமாக ஒலிக்கும். சனிக்கிழமை ஃபுட்சாலுக்கு ஓர் ஆள் குறைகிறது, வர்றியா என்று கேளுங்கள். புலனத்தில் ஸ்டிக்கர் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.